சமமாகச் சாய்ந்த வண்டி

ஸ்டெர்லிங் கோட்ஸின் வண்டியில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது நல்ல நிலைமையில் இருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷத்துப் பிக்கப். ஒமாஹாவில் ஒரு பல் டாக்டர் அதைக் கழற்றிப் பூட்டி, பன்னிரண்டு வருஷம் கைக்குழந்தையைப் போல வைத்திருந்து, விவாகரத்தின்போது விற்றுவிட்டார். கோட்ஸ் வாங்கியதும் முதல் வேலையாகப் பச்சைப் பெயிண்டைக் கம்பிப் பஞ்சால் தேய்த்து மங்க வைத்தார். கதவில் இரண்டு இடத்தில் சுத்தியால் தட்டிப் பள்ளம் உண்டாக்கினார். டாஷ்போர்டின்மேல் வேலிக்கம்பி இழுக்கும் குறடு ஒன்றையும் ஒற்றைக் கையுறை ஒன்றையும் போட்டு வைத்தார். இத்தனை செய்தும் வண்டியின் பின்புறம் மட்டும் அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. பல் டாக்டர் போட்ட புது ஸ்பிரிங் பட்டைகளின்மேல் அது, ஒரு நாளும் வேலைக்குப் போகாத வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நிமிர்ந்து நின்றது.

அதைத் தொய்ய வைக்கத்தான் லோவெல் ப்ரூயிட்டின் பட்டறைக்கு வந்திருந்தார்.

நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பக்கம் நூறு மைலுக்கு லோவெல் ஒருவர்தான் பட்டை வேலை தெரிந்த ஆள். முப்பத்தோரு வருஷமாக அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: தொய்ந்ததைத் தூக்கிக் கொடு. அவரும் அடுக்கில் ஒரு பட்டை கூட்டிக் கொடுப்பார், வளைவு செத்த பட்டையை அழுத்தி மீட்டுக் கொடுப்பார். நிமிர்ந்து நிற்கும் வண்டியைக் கொண்டுவந்து, தொய்ய வைத்துக் கொடு என்று கேட்ட முதல் ஆள் கோட்ஸ்தான்.

"எவ்வளவு இறங்கணும்?" என்று கேட்டார் லோவெல்.

"நீங்கதான் சொல்லணும். நாப்பது வருஷம் வைக்கோல் ஏத்தின வண்டி எவ்வளவு இறங்கியிருக்கும்?"

"மூணு அங்குலம். வச்சிருந்தவன் கருமியா இருந்தா நாலு."

கோட்ஸ் யோசித்தார். "மூணரை வைங்க."

"வைக்கோல ஏத்தி ஓட்டினீங்கன்னா தானா இறங்கிடுமே. எதுக்கு என் கூலி?"

"அதுக்கு நாப்பது வருஷம் ஆகும் லோவெல். சுதந்திர தின ஊர்வலம் ஜூலை நாலாம் தேதி."

கோட்ஸ் சிகாகோவில் ஜன்னல் திரை விற்றுப் பணம் பண்ணியவர். ஏழு வருஷத்துக்கு முன் இங்கே நாலாயிரம் ஏக்கர் புல்வெளி வாங்கி, அதை மாடு வைத்திருந்தவர்களுக்கே குத்தகைக்கு விட்டு, தான் மட்டும் தொப்பி வைத்துக்கொண்டார். இப்போது மாவட்ட வாரியத்தின் மூன்றாவது நாற்காலிக்குத் தேர்தலில் நிற்கிறார். அவர் பேச்சில் ஒரு தந்திரமும் கிடையாது. தான் விரும்புகிற மனிதனாக ஆவதற்கு, அந்த மனிதனுக்குரிய சாமான்களைச் சேகரித்தால் போதும் என்று அவர் மனதார நம்பினார். அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

லோவெல் கையைத் துடைத்துக்கொண்டு முடியாது என்று சொல்லியிருப்பார். சொல்லாததற்குக் காரணம் ஒரு பாலம்.

அவருடைய ஒரே மகள் டார்லாவும் அவள் கணவன் கர்ட்டும் ஸ்டோன் ஓடைக்கு அந்தப் பக்கம் அறுபத்துநாலு மாடு வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு இன்ஜினியர் வந்து ஓடைப் பாலத்தின் மரங்களைத் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், "மூன்று டன்" என்று பலகை அடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தீவன லாரி பாலத்தின் இந்தப் பக்கமே மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. மாடு ஏற்றும் லாரி வருவதே இல்லை. சுற்றுவழி நாற்பத்திரண்டு மைல். அதில் பதினொரு மைல் வெறும் மணல், பனிக்காலத்தில் அதுவும் கிடையாது. கர்ட் தன் பழைய பிக்கப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனத்தைக் கடத்திக் கடத்தி, இரண்டு வருஷத்தில் மூன்று முறை மெயின் பட்டையை ஒடித்துக்கொண்டு மாமனாரிடம் வந்திருந்தான். இன்னொரு பனிக்காலம் இப்படியே போனால் மாட்டை விற்றுவிடுவோம் என்று டார்லா சொல்லியிருந்தாள். அவள் ஒன்றை இரண்டு முறை சொல்லும் பெண் அல்ல.

வாரியத்தில் மூன்று பேர். ஒருவர் பாலத்துக்குச் சாதகம், ஒருவர் பாதகம். மூன்றாவது நாற்காலிதான் பாலம்.

"ஸ்டோன் ஓடைப் பாலம்தானே?" என்றார் கோட்ஸ். "என் முதல் ஓட்டே அதுக்குத்தான். கையக் குடுங்க."

லோவெல் கையைக் கொடுத்தார். அந்த ஊரில் அதற்குமேல் பத்திரம் கேட்பது அவமரியாதை.

வேலையை அவர் ஒழுங்காகவே செய்தார். வேறு மாதிரி செய்ய அவருக்குத் தெரியாது. வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து ஆக்ஸிலைத் தொங்கவிட்டு, பட்டைகளை ஆக்ஸிலோடு பிடித்திருந்த யூ போல்ட்டுகளை வெட்டி எறிந்தார். பட்டை அடுக்கைப் பெரிய கிளாம்பில் இறுக்கிய பிறகுதான் சென்டர் போல்ட்டில் கை வைத்தார். அவசரப்பட்டால் அடுக்கு விரிந்து முகத்தில் அறைந்துவிடும். பக்கத்துக்கு ஆறு பட்டையில் இரண்டை உருவினார். மெயின் பட்டையை அழுத்து இயந்திரத்தில் வைத்து, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு அழுத்தாக நகர்த்தி நகர்த்தி, வளைவைத் தட்டையாக்கினார். முப்பத்தோரு வருஷம் பட்டைகளுக்குத் தெம்பு ஏற்றிய கை, அன்றைக்கு அவற்றின் தெம்பை எடுத்தது.

கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடுவது அவர் வழக்கமில்லை, புதிதுதான் போடுவார். புதிது பளபளத்தது. டார்லா ஊறுகாய் போட வைத்திருந்த வினிகரில் கல்லுப்பைக் கரைத்து இரண்டு நாள் தடவினார். மூன்றாம் நாள் யூ போல்ட்டுகள் நாற்பது வருஷம் மூத்துவிட்டன.

கடைசியில் டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் கால் அங்குலம் கூடுதலாக இறங்கியிருந்தது. திரும்பக் கழற்றிச் சரிசெய்தார். இரண்டும் மூன்றரை, மயிரிழை வித்தியாசம் இல்லை.

"இனிமே இதுல ஏத்தக்கூடியது நீங்களும் உங்க தொப்பியும்தான்" என்றார் சாவியைக் கொடுக்கும்போது. "வேற எதையாவது ஏத்தினீங்கன்னா ஆக்ஸில் சட்டத்துல இடிக்கும்."

"வேற என்னத்த ஏத்தப் போறேன்?" என்றார் கோட்ஸ். அதுவும் நேர்மையான பதில்தான். கூலியை எடுத்து நீட்டினார். பாலத்துக்காக என்று சொல்லி லோவெல் வாங்கவில்லை.

ஜூலை நாலாம் தேதி ஊர்வலத்தில் தீயணைப்பு வண்டிக்கும் உயர்நிலைப் பள்ளி பேண்டுக்கும் நடுவே பச்சைப் பிக்கப் ஊர்ந்து போனது. தானியக் கிடங்கின் முன்னால் நிறுத்தி, கோட்ஸ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த வண்டியும் என்னை மாதிரிதான். கொஞ்சம் தொய்ஞ்சிருக்கு. ஆனா இன்னும் சுமக்குது."

கைதட்டினார்கள். முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் வெர்ல் ஹட்சல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் யார் வீட்டுக்கு என்ன கடிதம் வந்தது என்பதை உறையைத் தொட்டே சொல்லக்கூடியவர் என்று பெயர்.

"ஸ்டெர்லிங், அது எவ்வளவு சுமக்கும்?" என்று குரல் கொடுத்தார் வெர்ல்.

கோட்ஸ் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் லோவெலைத் தேடிப் பிடித்தார். "அதை நான் சொன்னா அரசியல். அதோ, நம்ம பட்டைக்காரரே நிக்கிறார். அவரைக் கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். லோவெலின் பக்கத்தில் டார்லா நின்றிருந்தாள். அவளுக்கு வண்டி விஷயம் தெரியாது, பாலம் விஷயம் தெரியும். அந்த மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. லோவெல் தன் மகளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"ஒன்றரை டன்" என்றார். "நாப்பது வருஷமா."

"கேட்டுக்கங்க" என்றார் கோட்ஸ். பேண்டு முழங்க ஆரம்பித்தது.

நவம்பரில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் கோட்ஸ் ஜெயித்தார்.

பாலம் வாரியத்தின் முன் வந்தது பிப்ரவரியில். நீதிமன்றக் கட்டடத்தின் கீழறையில் கூட்டம். ஹீட்டர் அளவுக்கு மீறி எரிந்தது, எல்லோரும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டார்லா எழுந்து, பயப்படாமல், சுருக்கமாகப் பேசினாள். ஒரு பனிக்காலத்துக்கு எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை மூட்டை, எத்தனை முறை பட்டை ஒடிந்தது என்று தாளைப் பார்க்காமலே சொன்னாள். கடைசியாக ஒரு கடிதத்தைத் தலைவரின் முன் வைத்தாள். கர்ட்டின் பிக்கப் அளவுக்கு மீறிய சுமையால்தான் மூன்று முறை ஒடிந்தது, அரை டன் மட்டுமே ஏற்றக்கூடிய வண்டியை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது என்று பட்டைத் தொழில் தெரிந்தவர் என்ற முறையில் லோவெல் ப்ரூயிட் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம்.

தலைவர் மர்னா டீட்ஸ். அவர் பாலத்துக்குச் சாதகம். கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை உரக்கப் படித்துவிட்டு, "ஸ்டெர்லிங், நீங்க?" என்றார்.

கோட்ஸ் எழுந்தார். முகத்தில் நிஜமான வேதனை.

"டார்லா சொன்னதைக் கேட்டு எனக்கு மனசு கலங்கிடுச்சு. ஆனா பாலம் கட்டணும்னா வரியைக் கூட்டணும். கூட்ட மாட்டேன்னு நான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். என் வண்டியும் அரை டன் வண்டிதான். அது நாப்பது வருஷமா ஒன்றரை டன் சுமந்திருக்கு. இதை நான் சொல்லல, ஊர்வலத்துல உங்க எல்லார் முன்னாடியும் லோவெல் சொன்னார். இந்த மண்ணுல பொறந்தவங்க அந்த மாதிரி வண்டிங்களை வச்சுத்தான் பொழைச்சாங்க. நாம எப்போ இவ்வளவு மென்மையாயிட்டோம்?"

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

லோவெல் கோட்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற முகம் அல்ல அது. எட்டு மாதம் அந்த வண்டியில் ஏறி இறங்கியதில், அது தன் பாட்டனார் விட்டுப்போன வண்டி என்றே ஆளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முதல் ஓட்டு, கைகுலுக்கல், ஒன்றும் அந்த முகத்தில் இல்லை.

லோவெல் எழுந்து நின்றார். மடியிலிருந்த கோட்டு கீழே விழுந்தது.

"அந்த வண்டி ஒரு உப்பு மூட்டையைக்கூடச் சுமந்ததில்ல" என்றார். "போன ஜூன்ல பக்கத்துக்கு ரெண்டு பட்டைய உருவினது நான். மெயின் பட்டைய நசுக்கினது நான். துரு கூட நான் ஏத்தினதுதான், வினிகர் போட்டு. இப்போ அது ஒன்றரை டன் இல்ல, ஒரு கன்னுக்குட்டியையும் தாங்காது. பாலம் போடறேன்னு அவர் வாக்குக் குடுத்தார். அதுக்காகச் செஞ்சேன். அதுக்காகவே சொன்னேன்."

டார்லா திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

இனிமேல் இடி விழும் என்றுதான் லோவெல் எதிர்பார்த்தார். தன் மேல் பாதி, கோட்ஸ் மேல் பாதி. விழட்டும் என்று கையைக் கட்டி நின்றார்.

"அது எங்களுக்குத் தெரியுமேய்யா" என்றார் வெர்ல், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"எது?"

"வண்டி போலின்னு. ஜூலையிலயே தெரியும். ஒத்தை ஆளா உக்காந்து நாப்பது வருஷம் ஓட்டின வண்டி, ஓட்டறவன் உக்கார்ற இடது பக்கம் சாயும். வெளிய போய்ப் பாரு, நிறுத்தி வச்சிருக்கிற அத்தனை வண்டியும் இடது பக்கம் சாஞ்சுதான் நிக்குது. அவரு வண்டி ரெண்டு பக்கமும் நூல் புடிச்ச மாதிரி எறங்கியிருக்கு. இவ்வளவு நேர்த்தியா பொய் சொல்ற கை நம்ம பக்கத்துல உன் கை ஒண்ணுதான் லோவெல்."

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை, குடும்பத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தால் வருகிற சிரிப்பு.

"தெரிஞ்சுமா ஓட்டுப் போட்டீங்க?"

"போன தடவை நின்னவன் எங்க பேரைக்கூடக் கேக்கல. இவரு எங்கள மாதிரி தெரியணும்னு சுத்திய எடுத்துக் கதவ நசுக்கியிருக்காரு. ஒரு பணக்காரன் நமக்காக அவ்வளவு மெனக்கெட்டா அதையும் பார்க்கணும்ல?"

கோட்ஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "பட்டைய எடுத்தது வாஸ்தவம். ஒத்துக்கறேன். ஆனா வண்டியோட மனசு அப்படியேதான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண்மணி "அதான்" என்றாள்.

மர்னா டீட்ஸ் தன் முன்னால் இருந்த கடிதத்தை எடுத்தார். அவருக்கு லோவெலைப் பிடிக்கும். அவருடைய கார் பட்டையும் லோவெல் கைதான்.

"லோவெல், ஜூலையில ஒன்றரை டன்னு சொன்னீங்க. இந்தக் கடுதாசில அரை டன் வண்டியால முடியாதுங்கறீங்க. ரெண்டுமே பாலத்துக்காகத்தான். ரெண்டும் உங்க வார்த்தைதான். நான் எதைப் பதிவுல வைக்கட்டும்?"

"கடுதாசி உண்மை."

"இருக்கலாம். இப்போ அதை நான் எப்படி நம்பறது, சொல்லுங்க?"

மர்னா கடிதத்தைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார். ஓட்டெடுப்பில் அவர் மட்டும் கை தூக்கினார். இரண்டுக்கு ஒன்று.

வெளியே வரும்போது டார்லா கர்ட்டின் வண்டியில் ஏறிவிட்டிருந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"ஏம்பா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்" என்றாள். கண்ணாடி ஏறியது.

அடுத்த வாரமே பட்டறையில் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து ஊர் நிலத் தரகர் ஒருவர். ஸ்டெர்லிங்கின் வண்டிக்குச் செய்த வேலை தனக்கும் வேண்டுமாம். பிறகு ஒரு வக்கீல். பிறகு புதிதாக வந்திருந்த பாதிரியார். லோவெல் கூட்டத்தில் சொன்னதையெல்லாம் வாரப் பத்திரிகை அச்சடித்திருந்தது, வினிகர் உட்பட. முப்பத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு விளம்பரம் அவருக்குக் கிடைத்ததில்லை. தரகரிடம் முடியாது என்றார், வக்கீலிடமும் முடியாது என்றார். டார்லா மாட்டை விற்க நாள் குறித்த அன்று பாதிரியார் திரும்பக் கூப்பிட்டார். கொண்டு வாருங்கள் என்றார் லோவெல். இந்த முறை இடது பக்கத்தை அரை அங்குலம் கூடுதலாக இறக்கினார். பாதிரியார் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கோணலாக இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஏப்ரலில் பனி உருகியதும் மாடு ஏற்றும் லாரிகள் இரண்டு வந்து, தீவன லாரியைப் போலவே, பாலத்தின் இந்தப் பக்கமே நின்றன. மூன்று டன் பலகைக்கு எத்தனை மாடு என்று கர்ட் கணக்குப் போட்டான். நாலுக்குமேல் கூடாது. அறுபத்துநாலு மாட்டை நாலு நாலாக நடத்த வேண்டும். டார்லா தீவன வாளியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள், மாடுகள் பின்னால் வந்தன. திரும்பவும் அந்தக் கரைக்குப் போய் அடுத்த நாலைக் கூட்டி வந்தாள். பதினாறு நடை.

ஆறாவது நடையில் பச்சைப் பிக்கப் வந்து நின்றது. கோட்ஸ் இறங்கினார். கூடவே வாரப் பத்திரிகைக்காரப் பெண், கேமராவுடன்.

"ஒரு குடும்பம் நிலத்தை விட்டுப் போறதைப் பார்க்கறது எனக்குத் தாங்கல லோவெல்" என்றார் கோட்ஸ். "ஏதாவது கை குடுக்கலாம்னு வந்தேன். என்ன செய்யட்டும்?"

லோவெல் வாயைத் திறப்பதற்குள் பாலத்தின் நடுவிலிருந்து டார்லா சொன்னாள்: "வண்டியைக் குறுக்க நிறுத்துங்க, மாடு ரோட்டுப் பக்கம் ஓடாம."

கோட்ஸ் சந்தோஷமாகப் போய்க் குறுக்கே நிறுத்தினார். ஒரு கிழட்டுப் பசு வண்டியின் பின்புறத்தில் முதுகைச் சொறிந்துகொண்டது. சட்டம் இறங்கி ஆக்ஸிலில் டங்கென்று இடித்தது. கேமராக்காரப் பெண், "அதையே இன்னொரு தடவை பண்ண வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

கடைசி நாலும் ஏறி, லாரிக் கதவுகள் மூடின. வடக்கே தீவனத் தொழிற்சாலை ஒன்றில் கர்ட்டுக்கு வேலை கிடைத்திருந்தது, சாமான்கள் ஏற்கெனவே போயிருந்தன. டார்லா வாளியைக் கவிழ்த்துத் தட்டி, வண்டிக்குள் போட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், தோளில் ஒட்டியிருந்த வைக்கோலை மட்டும் எடுத்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் கேட் திறந்தே கிடக்குப்பா. சாத்திட்டுப் போங்க."

"உள்ள என்ன இருக்கு, சாத்தறதுக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றாள். "சாத்திடுங்க."

வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. பத்திரிகைக்குத் தலைப்பு எப்படி வைக்கலாம் என்று கோட்ஸ் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். லோவெல் பாலத்தைக் கடந்தார். அறுபத்து மூன்று வயது, நூற்றெண்பது பவுண்டு. மூன்று டன் பலகை அவரைத் தடுக்கவில்லை. கேட்டின் கம்பி வளையத்தைத் தூக்கிக் கம்பத்தில் மாட்டி, இழுத்துப் பார்த்தார்.